பெயரால் வாங்குதலும் பயனால் தெரிதலும்

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுக்கி ஓட்டும் ஆர்வம் அண்மைக் காலத்தில் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. இதற்குக் காரணங்கள் உள. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் கையிலுள்ளதைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. தேவையோடு பற்றும் சேர்ந்துகொண்டது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியன யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் உறுப்பினர்கள் போலவே வாழ்ந்தவை. இவற்றோடு, காற்றினாற் குளிரும் எஞ்சினைப் பின்புறத்தே தாங்கிய வொக்ஸ்வாகன் பீற்றிலும் சுன்னாகம் சந்தியில் நின்று பார்ப்பவர் கண்ணில் இடையிடையே படுவதுண்டு.

இவ்வார்வத்தை யான் பழிக்கவில்லை. இதனோடு ஒட்டி வளரும் ஒரு நோயையே ஈண்டுக் கண்டிக்க முற்படுகின்றேன். பீற்றிலின் எஞ்சினைப் பிரித்துப் பெரிதாக்க விழையும் இளைஞர் எவரும் முதலிற் கேட்கும் கேள்வி, “எந்தக் கம்ஷாப்ட் போடலாம்?” என்பது. அக்கேள்வி பிழையன்று. ஆயின் அதற்கு அவர் எதிர்பார்க்கும் விடை ஒரு பெயர், ஓர் இலக்கம். அமெரிக்காவின் எங்கிள் நிறுவனத்தார் செய்யும் டபிள்யூ 100, டபிள்யூ 110, டபிள்யூ 120 என்னும் வரிசையில் எது பெரிதோ அதுவே சிறந்தது என்னும் முடிவோடு அவர் வருகிறார். கார் எந்த வீதியில் ஓடும், எத்தனை பேரைச் சுமக்கும், எந்தக் காபரேற்றரோடு பொருந்தும் என்ற கேள்விகள் அவர் நாவில் எழுவதில்லை. பொருளைப் பெயரால் வாங்கும் இம்மனப்பான்மை எஞ்சினை மட்டும் கெடுப்பதன்று, சிந்தனையையும் கெடுப்பது. இதுவே என் வழக்கு.

கம்ஷாப்ட் என்பது யாது? எஞ்சினின் வால்வுகள் எப்போது திறத்தல் வேண்டும், எவ்வளவு திறத்தல் வேண்டும், எப்போது மூடுதல் வேண்டும் என விதிக்கும் தண்டு அது. கிராங்க்ஷாப்ட் இருமுறை சுழல, அது ஒருமுறை சுழலும். பீற்றிலின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் எட்டு வால்வுகளும் உள. ஆயினும் கம்ஷாப்டில் உள்ள குமிழ்கள் நான்கே. ஒவ்வொரு குமிழும் இடப்புறத்தில் ஒரு வால்வையும் வலப்புறத்தில் ஒரு வால்வையும் முறையே இயக்குகின்றது. குமிழ் டப்பெட்டைத் தள்ள, டப்பெட் தள்ளுகோலைத் தள்ள, தள்ளுகோல் ரொக்கர் என்னும் நெம்பின் ஒரு முனையைத் தள்ள, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கின்றது. நம் தோட்டக் கிணற்றுத் துலாவை அறிந்தவர்க்கு இது புதிதன்று. துலாவின் நீளம் கிணற்றின் ஆழத்தைப் பார்த்து வைக்கப்படுவது. அயலூரிற் பெரிய துலா உண்டு என்பதற்காக ஆழமில்லாக் கிணற்றில் அதனை நட்டவர் எவரையும் நாம் கண்டதில்லை.

பெரிய கம்ஷாப்ட் எனப்படுவது வால்வைக் கூடிய நேரம் திறந்து வைத்திருப்பது. எஞ்சின் மிக விரைந்து சுழலும்போது சிலிண்டர் நிரம்புவதற்கு அவகாசம் போதாது. அப்போது இக்கூடிய நேரம் பயன்படும். மெதுவாகச் சுழலும்போது அதே நேரம் தீங்காக மாறும். இதனைக் கணக்கிட்டே காட்டலாம். மேற்குறித்த டபிள்யூ 110இன் திறப்புக் காலம், விற்பனைப் பட்டியலின்படி, 284 பாகை. உள்வால்வுக் குமிழுக்கும் புறவால்வுக் குமிழுக்கும் இடைப்பட்ட மையக் கோணம் 108 பாகை. எனவே இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் வேளை 68 பாகை. டபிள்யூ 120க்கு 294 பாகை. ஒருங்கே திறந்திருப்பது 78 பாகை. இவ்வேளையில் மெதுவாக ஓடும் எஞ்சினில் எரிந்த புகை உள்வழியாகத் திரும்பும். புதுக் கலவை புறவழியாகத் தப்பும். நிலையில் நிற்கும் கார் நடுங்குவதும் பெற்றோல் மணப்பதும் இதனாலேயே. இந்நடுக்கத்தைச் சிலர் ‘பந்தயக் குரல்’ எனப் புகழ்கின்றனர். அது எஞ்சின் மூச்சுத் திணறும் ஓசை.

இன்னொன்றும் உண்டு. 284 பாகைக் கம்ஷாப்டை நேராகப் பொருத்தின், பிஸ்டன் கீழ் எல்லையைத் தொட்டு மேலெழத் தொடங்கி 70 பாகை கடந்த பின்னரே உள்வால்வு மூடும். 1600 எஞ்சினில் பிஸ்டனின் வீச்சு 69 மில்லிமீற்றர். அந்த 70 பாகைக்குள் பிஸ்டன் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் மேலேறிவிடும். அஃதாவது வீச்சின் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தூரத்தில் நெருக்கம் நிகழ்வதில்லை. மெதுவாக ஓடுகையில் உள்ளே வந்த கலவை வந்த வழியே தள்ளப்படுகின்றது. நெருக்க விகிதம் 7.5 எனப் பெருமையோடு குறிக்கப்பட்ட எஞ்சின், குறைந்த வேகத்தில் உண்மையில் 6இற்கும் குறைவான நெருக்கத்தோடு இயங்குகின்றது. யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்தில் தாழ்ந்த நெருக்கத்தோடு காலந்தள்ளினர். அது அவர்தம் தலைவிதி. இன்று பெற்றோல் ஊற்றிக்கொண்டு, வெளிநாட்டுக்குப் பணமும் அனுப்பி, அதே தாழ்ந்த நெருக்கத்தை விலைக்கு வாங்குவோரை என்னென்பது?

இனி வீதிக்கு வருவோம். இந்நாட்டில் ஊர்ப்புறத்தே காருக்கு விதிக்கப்பட்ட வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். ஏனைய வீதிகளில் 70. பீற்றிலின் நாலாம் கியரில் 50 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1650 சுற்றுச் சுழலும்; 70 கிலோமீற்றரில் 2300 சுற்று. மூன்றாம் கியரில் 50 கிலோமீற்றர் ஓடினாலும் 2400 சுற்றே. இவ்வெல்லைக்குள்ளேயே காங்கேசன்துறை வீதியில் நம் வாழ்வு முழுவதும் கழிகின்றது. இப்போது தொழிற்சாலையார் செய்ததைப் பாருங்கள். பழைய 1200 எஞ்சினின் உச்ச வலு 34 பரிவலு. அது 3600 சுற்றில் கிடைப்பது. ஆயின் அதன் உச்ச முறுக்குவிசை கிடைப்பது 2000 சுற்றில். 1600 எஞ்சினுக்கு உச்ச வலு 4000 சுற்றில் 50 பரிவலு. உச்ச முறுக்குவிசை 2800 சுற்றில். சாதாரண மாந்தர் எங்கே ஓட்டுவர் என்பதைக் கருதியே அக்கம்ஷாப்ட் வடிக்கப்பட்டது. 3000 சுற்றின்கீழ் உறங்கும் கம்ஷாப்டை இட்டால், நாலாம் கியரில் அது விழித்தெழும் வேகம் மணிக்கு 90 கிலோமீற்றர். சுன்னாகம் சந்தைக்கும் யாழ்ப்பாணம் பெரியகடைக்கும் இடையே அந்த வேகத்தை எங்கே காண்பது? மாட்டு வண்டி போய்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் நிறைந்த வீதியில் அது எட்டப்பட்டால், அடுத்து எட்டப்படுவது ஆசுபத்திரியே.

காற்றினாற் குளிரும் எஞ்சினில் இப்பிழை இருமடங்கு கொடிது. நீர் குளிர்த்தும் எஞ்சினில் வெப்பத்தைத் தாங்கும் நீர் இருக்கின்றது. பீற்றிலுக்கு விசிறியும் எண்ணெயுமே துணை. விசிறியை ஓட்டுவது கிராங்க்ஷாப்டில் மாட்டிய பட்டி. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகவே சுழலும். கீழ் வேகத்தில் இழுவை இல்லாத எஞ்சினை ஓட்டுபவர் முடுக்கியை மேலும் மேலும் மிதிப்பார். வெப்பம் கூடும், காற்றோ கூடாது. 1971ஆம் ஆண்டு மாதிரிக்கு முந்திய எஞ்சின்களில் எண்ணெய் குளிர்த்தும் பாகம் விசிறிக் கூட்டுக்குள்ளேயே நின்று மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை மறிக்கின்றது. நண்பகலில் 30 பாகை செல்சியசைத் தாண்டும் நம் ஊரில் அம்மூன்றாம் சிலிண்டரின் துன்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இழந்த நெருக்கத்தை மீட்பதற்காகச் சிலிண்டர்த் தலையைச் சீவி விகிதத்தை உயர்த்துவோரும் உளர். மேல் வேகத்தில் சிலிண்டர் நன்கு நிரம்பும்போது அவ்வுயர்ந்த நெருக்கம் முழுமையாகத் தொழிற்படும், எஞ்சின் தட்டும், புறவால்வு கருகும். ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழை.

தவறைத் திருத்துவதும் எளிதன்று. பல எஞ்சின்களில் கம்ஷாப்டை முன்புறத்தால் உருவி எடுக்கலாம். பீற்றிலில் அது கிராங்க்ஷாப்டின் கீழே, இரு பாதியாகப் பிளக்கும் மக்னீசிய உறையின் நடுவே கிடக்கின்றது. எஞ்சினை இறக்கி, முழுவதும் களைந்து, உறையைப் பிளந்தாலன்றி அதனைத் தொட முடியாது. அதன் பற்சில்லு உறைக்கு உறை நூலளவு வேறுபடும். ஏற்ற இலக்கம் பொறித்த சில்லைத் தேர்ந்து, பற்களுக்கிடையிலான இடைவெளி 0.05 மில்லிமீற்றரை மிஞ்சாதவாறு பொருத்துதல் வேண்டும். புதிய கம்ஷாப்டுக்குப் புதிய டப்பெட்டுகளே வேண்டும். முதல் இருபது நிமிடம் ஏறத்தாழ 2000 சுற்றில் ஓட்டிக் குமிழையும் டப்பெட்டையும் ஒன்றோடொன்று பழக்குதல் வேண்டும். இதற்கு எண்ணெயில் துத்தநாகமும் பொசுபரசும் கலந்த காப்புப் பொருள் போதிய அளவு இருத்தல் அவசியம்; இக்காலத்துக் கார்களுக்காகச் செய்யப்படும் எண்ணெய்கள் பலவற்றில் அது குறைக்கப்பட்டுள்ளது. குமிழ் தேய்ந்தால் உதிரும் இரும்புத்தூளைத் தடுக்க அவ்வெஞ்சினில் வடிகட்டி கிடையாது. உள்ளது கம்பி வலை ஒன்றே. இரண்டரை லீற்றர் எண்ணெயில் அத்தூள் எஞ்சின் முழுவதும் சுற்றிவரும். கெட்ட எண்ணெயை அடிக்கடி மாற்றி மண்ணில் ஊற்றுவோருக்கும் ஒரு சொல்: நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு விதிக்க நேர்ந்த ஊர் இது.

இவற்றையெல்லாம் பிறர்மேற் பழி சுமத்தும் பொருட்டு யான் எழுதவில்லை. குற்றவாளிகளுள் யானும் ஒருவன். என் மாமாவிடம் ஒரு பீற்றில் இருந்தது. அதன் 1200 எஞ்சின் களைத்துவிட்டமையால், ஓய்வூதியப் பணத்திற் சேமித்ததைக் கொண்டு 1600 எஞ்சின் ஒன்றைக் கட்டுவதற்கு அவர் முடிவு செய்தார். பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த என்னிடம் யோசனை கேட்டார். யான் விற்பனைப் பட்டியலைப் பார்த்து, முந்நூறு பாகையை நெருங்கும் ஒரு கம்ஷாப்டின் பெயரைச் சொன்னேன். ஊரில் நெடுங்காலம் தொழில் செய்த மெக்கானிக் ஒருவர், “தம்பி, கார் எங்கை ஓடப் போகுது எண்டு முதல் சொல்லும்; பிறகு சாமானைப் பாப்பம்” என்றார். அவர் பட்டியல் படித்தவரல்லர் என்பதால் அவர் கேள்வியை யான் பொருட்படுத்தவில்லை. வேறொரு கராச்சில் கொடுத்து, ஒற்றைக் காபரேற்றரோடும் பழைய புகைக்குழாயோடும் அக்கம்ஷாப்டைப் பூட்டுவித்தேன்.

கார் ஓடியது, ஆயின் மாமாவுக்கு அது பயன்படவில்லை. ஐந்து பேர் ஏறினால் நின்ற இடத்திலிருந்து கிளம்ப மறுத்தது. ரயில் கடவையில் காத்து நிற்கையில் நடுங்கி நின்றுபோனது. 2022இல் எரிபொருள் பஞ்சம் வந்து, அவ்வாண்டு ஓகஸ்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் எனப் பங்கீடு வந்தபோது, அந்த 20 லீற்றரில் எத்தனை பங்கு புகைக்குழாய் வழியே எரியாமற் போயிற்றோ யான் அறியேன். எஞ்சின் மீண்டும் இறக்கப்பட்டு, உறை இரண்டாம் முறை பிளக்கப்பட்டு, பழைய கம்ஷாப்டே மீண்டும் பூட்டப்பட்டது. செலவை மாமாவே ஏற்றார். என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதன்பின் சில மாதம் சந்தைக்குச் சைக்கிளிற் போனார். படித்தவன் ஒருவனின் அறியாமைக்குப் படியாதவர்கள் எவ்வாறு விலை செலுத்துகின்றனர் என்பதை யான் அன்று அறிந்தேன்.

இனி எதிர்க் கூற்றுகளை ஆராய்வோம். ‘கம்ஷாப்டோடு இரட்டைக் காபரேற்றரும் பெரிய வால்வுத் தலையும் புதுப் புகைக்குழாயும் போட்டால் குறை தீருமே’ என்பர் சிலர். உண்மை, அவ்வெஞ்சின் மேல் வேகத்திற் சிறந்து விளங்கும். ஆயின் அது பந்தயத்துக்குரிய எஞ்சின். பந்தயத்திடலுக்குச் செல்பவர் தாராளமாகச் செய்க. சந்தைக்குச் செல்பவர் அதனைச் செய்வது, மரவள்ளித் தோட்டத்துக்கு நெல்வயலின் நீரைப் பாய்ச்சுவது போலாம்.

மறுபுறத்தே வேறொரு கட்சியினர் உளர். ‘ஜெர்மானியர் செய்ததை மாற்ற நீ யார்? ஒன்றையும் தொடாதே’ என்பது அவர் கொள்கை. முன்னவர் பட்டியலை வணங்குவர். இவர் தொழிற்சாலையை வணங்குவர். சிந்திக்க மறுப்பதில் இருவரும் ஒன்றே. 90.5 மில்லிமீற்றர் சிலிண்டர் இட்டு 1776 கன சென்ரிமீற்றராகப் பெருக்கிய எஞ்சினில், சிறிய எஞ்சினுக்கென வடித்த கம்ஷாப்ட் மூச்சை அடைக்கும் என்பதும் உண்மையே. எஞ்சின் பெரிதாகும்போது அதே கம்ஷாப்ட் முன்னதிலும் தாழ்ந்த வேகத்துக்குரியதாகிவிடும். அங்கே, இரட்டைக் காபரேற்றரோடு, 276 பாகை அளவான மென்மையான ஒன்று தக்கதாகலாம். சாதாரண 1600க்கு, கம்ஷாப்டைத் தொடாமலே 1.1 விகித ரொக்கருக்குப் பதிலாக 1.25 விகித ரொக்கரை மாட்டி வால்வைச் சற்றே உயர்த்தும் வழியும் உண்டு. அதற்கு உறையைப் பிளக்க வேண்டியதில்லை. பிழைத்தால் மாலைக்குள் கழற்றிவிடலாம். மாற்றம் ஆகாது என்பதன்று என் வாதம். காரணமற்ற மாற்றம் ஆகாது என்பதே.

காரணம் அறிந்து மாற்றியவர்கள் நம்மிடையே இருந்தனர். 1960களில் அந்நியச் செலாவணி முடையால் கார் இறக்குமதி ஒடுங்கியது முதல், 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, இருந்த கார்களைக் காத்தவர்கள் நம் கராச்சுகளின் தொழிலாளர்களே. 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடை வந்தபோது, சிறிது பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறையால் நோயாளியையும் பிரசவத் தாயையும் ஆசுபத்திரி சேர்த்தவர்கள் அவர்களே. அம்முறை வானத்திலிருந்து வந்ததன்று. செம்மண் தோட்டங்களில் பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய நீரிறைக்கும் மிசினைப் பல்லாண்டு கண்டு பழகிய அறிவு அது. அம்மிசினும் காற்றினாற் குளிர்வதே. அதனை வாங்கும் தோட்டக்காரன் உச்ச வேகம் யாதென வினவியதில்லை. எத்தனை மணி நேரம் இறைக்கும், எவ்வளவு எண்ணெய் குடிக்கும், எத்தனை கன்றுக்குப் பாயும் என்றே வினவினான். கம்ஷாப்ட் தெரிவின் முழுத் தத்துவமும் அவ்வினாக்களுள் அடங்கியுள்ளது.

அவ்வறிவு ஏன் நம்மைச் சேரவில்லை? இவ்வினா தமிழ்ச் சங்கத்தாராகிய நம்மை நோக்கியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கினார். சுன்னாகம் தந்த அ. குமாரசுவாமிப் புலவர் (1854 - 1922) சொற்பொருளை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 60களிலும் அறிவியற் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. பரிவலு என்னும் சொல்லை நாம் அவ்வழியே பெற்றோம். இத்தகைய மரபுக்கு உரியோராகிய நாம், பொறியியலை ஆங்கிலத்திற் பயின்று, பரீட்சை முடிந்ததும் அதனை ஆங்கிலத்திலேயே புதைத்துவிடுகின்றோம். வால்வு எப்போது மூட வேண்டும் என்பதை அறிந்த மாணவனுக்கு அதனைத் தமிழிற் சொல்ல வராது. தமிழிற் சிந்திக்கும் மெக்கானிக்குக்குக் கையறிவு உண்டு; கணக்கு எட்டவில்லை. இருவருக்கும் இடையே விழுந்த வெற்றிடத்தில் விற்பனைப் பட்டியல் குடியேறிவிட்டது. விளக்கம் இல்லாத இடத்தில் பெயரே விளக்கமாகின்றது.

சங்க இலக்கியத்தின் நயம் பற்றி நாம் எழுதுவது நன்று, எழுதுவோம். ஆயின் ஒரு குமிழின் வடிவத்தை, ஊர் மெக்கானிக் படித்து மறுத்துரைக்கக்கூடிய தமிழில் எழுதுவதும் தமிழ்த் தொண்டே. அவர் மறுத்துரைப்பதை நாம் இருந்து கேட்பதும் அத்தொண்டின் பகுதியே. என் மாமாவின் பணம் வீணானது தமிழிற் கேட்கப்பட்ட ஒரு நல்ல கேள்வியை ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓர் இலக்கத்தைக் கொண்டு யான் அடக்கியதனால்.

எனவே கம்ஷாப்ட் தெரிய விழைவோருக்கு யான் கூறத்தக்கது சுருக்கமானது. கார் எங்கே, எத்தனை பேரோடு, எந்த வேகத்தில் ஓடும் என முதலில் எழுதுக. அவ்வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுழலும் எனக் கணக்கிடுக. எஞ்சினின் கொள்ளளவையும் காபரேற்றரையும் புகைக்குழாயையும் அடுத்து முடிவு செய்க. அவற்றுக்கேற்ற திறப்புக் காலத்தைத் தேர்ந்து, அதன்பின் நெருக்க விகிதத்தை அமைக்க. இரண்டு கம்ஷாப்டுகளுக்கிடையே ஐயம் எழுந்தால் சிறியதைக் கொள்க. சிறியதைக் கொண்டவர் இழப்பது என்றோ ஒரு நாள் எட்டக்கூடிய வேகத்தை. பெரியதைக் கொண்டவர் இழப்பது அன்றாடம் ஓட்டும் காரை. இவை அனைத்துக்கும் பின்னரே பட்டியலைத் திறக்க. அப்போது அதிலுள்ள பெயர்கள் நம்மை ஆளா.

2003 ஜூலை 30இல் மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் கடைசிப் பீற்றில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன; இனிச் செய்யப்படா. எஞ்சியுள்ளவற்றைக் காக்கும் பொறுப்பு அவற்றை வைத்திருப்பவர் கையில் உள்ளது. மக்னீசிய உறை எத்தனை முறை பிளக்கப்படுவதையும் தாங்கும் என எண்ணற்க. சுன்னாகத்து மெக்கானிக் அன்று கேட்ட கேள்வியை இனியாவது நாம் முதலிற் கேட்போமாக.